இரண்டு ஹெட்போனுக்கு ஒரு பெட்டி

3-10-1983, திங்கள்

துளசிங்கத்தின் டிரான்சிஸ்டர் சரியாகிவிட்டது. ஸ்பீக்கர் கம்பியை உப்பு அரித்திருந்தது, அவ்வளவுதான். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வரும் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே வியாதி. பாட வைத்துக் கையில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தான்.

"இன்னா பாய், இங்க பாடுனா எங்க குப்பம் வரிக்கும் கேக்கும் போலருக்கே!"

எனக்கு அது சரியான அளவாகத்தான் இருந்தது. சிரித்து மழுப்பினேன். முப்பது வருடமாக யாரிடமும் கைகட்டி நிற்காமல், நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். ரேடியோக்காரனுக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் யார் பெட்டியைக் கொண்டுவருவார்கள்?

5-10-1983, புதன்

மத்தியானம் மருமகள் பரீதா மறுபடி அந்தக் கேசட்டைப் போட்டாள். அபூபக்கர் சவூதியில், தம்மாமில் பேசி அனுப்பியது. அங்கேயே வேலை பார்த்து, பக்ரீதுக்கு லீவில் வந்த அப்துல் ஹை கொண்டுவந்தான். அவள் தாய்வீட்டார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஐந்தாறு தடவை கேட்டாயிற்று. நான் உட்காரவில்லை. என் மகன்தான். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லியும் போனவன். கிளம்பிய அன்று கடை வாசலில் நின்று "வரேன் வாப்பா" என்றான். நான் வேலையிலிருந்து நிமிரவில்லை. இரண்டு வருடம், நான்கு மாதம்.

ஒவ்வொரு கேசட்டிலும் ஊருக்கெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் பரீதாவிடம், "வாப்பாவுக்கு சலாம் சொல்லு." நேரே என்னிடம் சொல்ல மாட்டான். சரி, இருக்கட்டும்.

ஆனாலும் குரலைக் கேட்கவேண்டும் போல் இருக்கிறது. கூடத்தில் ஓடினால் எனக்கு மூடிய பானைக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டச் சொல்ல வாய் வரவில்லை.

7-10-1983, வெள்ளி

ஜும்மா முடிந்ததும் பரீதா தாய்வீட்டுக்குப் போனாள். டேப் ரெக்கார்டரைக் கடைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். என் வீட்டில் நானே திருடன்.

வீட்டில் இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன. ஒன்று மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்து ஹெட்போன். இரும்புப் பட்டை, காதுக்கு இரண்டாயிரம் ஓம். இன்னொன்று அபூபக்கர் பரீதாவுக்கு அனுப்பியது, பஞ்சு வைத்தது, முப்பத்திரண்டு ஓம். பஞ்சு ஹெட்போனில் சத்தம் தாராளமாக வருகிறது, ஆனால் எல்லாம் அடித்தொண்டை முழக்கம், ஒரு சொல் பிரியவில்லை. பட்டாளத்துக்காரனில் சொல் பிரிகிறது, ஆனால் எறும்பு பேசுவதுபோல். ஆகவே அதற்கென்று இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டி, சோப்புப் பெட்டிக்குள் அடைத்து, டார்ச் செல்லில் ஓட்டினேன். செல்லில் ஓட்டினால் இரைச்சல் இல்லை, சட்டைப் பையிலும் அடங்குகிறது.

கேட்டது. என் மகன் குரல், சொல் சொல்லாக.

பிறகு இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு 'டிக்'. பட்டனை அமுக்கி நிறுத்துகிறான். மறுபடி 'டிக்'. அடுத்த சொல்லுக்கு முன்னால் இழுத்து இழுத்து மூச்சு. ஒரே ஒரு இடத்தில் பட்டனை அமுக்கச் சற்றுத் தாமதமாகியிருக்கிறது. அங்கே இருமலின் தொடக்கம் விழுந்திருக்கிறது. சின்னதாக மூன்று, பிறகு அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிற ஒன்று.

இது எனக்குத் தெரிந்த இருமல். அவனைப் பெற்ற சுராயா இப்படித்தான் இருமினாள். ஒரு வருடம் இருமிப் போய்ச் சேர்ந்தாள். அபூபக்கருக்கு அப்போது நான்கு வயது.

இதற்குமேல் எழுதவில்லை.

8-10-1983, சனி

பட்டனை அமுக்கி நிறுத்தியது பதினொரு இடம். மூன்று தடவை எண்ணினேன்.

9-10-1983, ஞாயிறு

பரீதாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மாமா சொல்றீங்க? நாங்க இத்தினி பேரு கேட்டோம், எங்களுக்குக் கேக்கல. பக்கத்துல நின்னு கூப்புட்டாலே திரும்ப மாட்டீங்க, உங்களுக்கு மட்டும் கேட்டுச்சா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

பட்டாளத்து ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். சத்தம் என் அளவில் இருந்ததை மறந்துவிட்டேன். "அம்மாடி!" என்று பிடுங்கி எறிந்தாள். "காதே கிழிஞ்சிப் போச்சு! அவரு போனதே உங்களுக்குப் புடிக்கல. அவரு திரும்பி வரணும், நீங்க சொன்னதுதான் சரின்னு ஆவணும். அதானே மாமா?"

அதுதானா? நான் அப்படிப்பட்டவனா? இல்லை. நான் கேட்டேன். கேட்டது கேட்டதுதான்.

10-10-1983, திங்கள்

கெஞ்சவில்லை, சொன்னேன்: உன் பஞ்சு ஹெட்போனிலேயே கேள். கேட்டாள். "ஒண்ணுமில்ல மாமா. பேசறதுக்கு முன்னாடி யோசிக்கறாரு." அவள் புருஷன் பேச்சைக் கேட்கிறாள், பேச்சில்லாத இடத்தை அவள் ஏன் கேட்கப்போகிறாள்? இதோ இங்கே என்று யாராவது காட்டவேண்டும். காட்ட வேண்டுமானால் அதே நேரத்தில் நானும் கேட்டாகவேண்டும்.

இரண்டையும் ஒன்றாக என் சோப்புப் பெட்டியில் செருகினேன். பஞ்சுக்காரன் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டான். இரண்டும் ஊமை.

அப்துல் ஹை வருகிற ஞாயிறு தம்மாமுக்குக் கிளம்புகிறான், எங்கள் பதிலும் அவனோடுதான் போகவேண்டும். நேற்று பள்ளிவாசலில் அவனைக் கேட்டேன். "நல்லாத்தான் கீறான் மாமா. ஒரு வெள்ளிக்கெழம பாத்தேன், சலாம் சொன்னான், அவசரமாப் போய்ட்டான்." ஏன் அவசரம்? பக்கத்தில் நிற்கக்கூடாது என்றா?

11-10-1983, செவ்வாய்

முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ். ரிச்சி தெருவில் ஒரு கடை. இரண்டு ஹெட்போன்களையும் பையில் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் கையகல ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே ஒரு ஐ.சி., ஒன்பது வோல்ட் பேட்டரி.

"எட்டு ஓம், பதினாறு, முப்பத்திரண்டு, எதப் போட்டாலும் பாடும் பெரியவரே."

"இரண்டாயிரம்?"

பட்டாளத்து ஹெட்போனைத் தூக்கிப் பார்த்து, "இத்த மியூசியத்துல குடுத்தா மாலை போட்டு வாங்கிப்பான்" என்றார். மாட்டிப் பார்த்தேன். சத்தம் போதவில்லை. இன்னொரு பெட்டி காட்டினார். அதில் பட்டாளத்துக்காரன் நன்றாகப் பேசினான், பஞ்சுக்காரன் கரகரத்துச் செத்தான். "ரெண்டுல எது வேணும்னு ஒரு முடிவுக்கு வாங்க. ரெண்டுக்கும் ஒத்து வர்ற பொட்டி இல்ல."

இல்லையென்றால் உண்டாக்கவேண்டும். அவளுக்கு ஒத்துப்போகிற முதல் பெட்டியை வாங்கிக்கொண்டேன். என் காதுக்கு நான் ஏதாவது செய்துகொள்வேன்.

திரும்பும் ரயிலில் வலது காதில் விசில் சத்தம். பொன்னேரி வரை நிற்கவில்லை. ஞாயிற்றுக்குள் இந்தக் காதும் போய்விட்டால் அந்தப் பதினொரு இடமும் எங்கே என்று யார் சொல்வது? உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

12-10-1983, புதன்

பழைய வால்வு ரேடியோ ஒன்றிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தலைகீழாகப் போட்டேன். ஸ்பீக்கர் பக்கத்தைப் புதுப்பெட்டிக்கும், வால்வு பக்கத்தைப் பட்டாளத்து ஹெட்போனுக்கும். பேசிற்று! பஞ்சு ஹெட்போனை நேரே பெட்டியில் மாட்டி, அதற்குத் தனியாக ஒரு வால்யூம். அவளுக்கு அவள் அளவு, எனக்கு என் அளவு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிட்டது.

டெஸ்டுக்கு ரேடியோவைத்தான் போட்டேன். கேசட்டைப் போடப் பயமாக இருந்தது.

13-10-1983, வியாழன்

காலையில் கேசட்டைப் போட்டேன். அபூபக்கர் இல்லை. பரீதாவின் குரல். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கூரை ஒழுகுகிறது, எல்லோரும் சுகம், நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. நேற்று மத்தியானம் பதிவு செய்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம் இதுதான். வந்த கேசட்டிலேயே பதிலைப் பேசிப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவது. அவன் குரலின்மேல் இவள் குரல். இதற்கு முன் வந்த ஆறு கேசட்டும் அப்படித்தான் போயின. எப்போதிலிருந்து இருமுகிறான் என்று பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை. வீடு நிறைய டேப் வைத்திருக்கும் ரேடியோக்காரன் வீட்டில் ஒருவருக்கும் புது கேசட் போடத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுபக்கத்தைப் போட்டேன். அது அப்படியே இருக்கிறது. தாமதமான பட்டனும் அந்தப் பக்கம்தான். அல்ஹம்துலில்லாஹ். உடனே கத்தியால் கேசட் முதுகில் அந்தப் பக்கத்துக்கான சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டேன். இனி ரெக்கார்ட் பட்டன் இறங்காது.

பரீதா பார்த்துவிட்டாள். கத்தினாள். "எம் புருசனுக்கு நான் பேசறத ஒடைக்க நீங்க யாரு?" என்றாள். நானும் கத்தினேன். இன்னா பேசினேன்னு நெனவில்ல, சுராயா பேரச் சொல்லிக் கத்துனேன், அது மட்டும் தெரியுது. அவள் சட்டென்று நின்றுவிட்டாள். இந்த வீட்டில் நான் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

14-10-1983, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. பரீதா தானாகவே வந்து கடை வாசலில் நின்றாள். "ஒரு தடவதான் கேப்பேன்" என்றாள்.

டேப் ரெக்கார்டருக்கும் செல் போட்டேன். ஆளுக்கொரு ஹெட்போன். அவள் தன் வால்யூமைத் தானே திருப்பி வைத்துக்கொண்டாள். மழைச்சத்தம் மறைந்தது. நான் விரலைத் தூக்கும்போது கவனி என்று சொல்லியிருந்தேன்.

இந்தப் பக்கத்தில் ஏழு இடம்தான். முதல் 'டிக்', விரலைத் தூக்கினேன். அவள் தலையை ஆட்டினாள்: ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் புருவம் சுருங்கியது. நான்காவதில் நான் விரலைத் தூக்குவதற்கு முன்பே என்னைப் பார்த்தாள். ஐந்தாவதுதான் அந்தத் தாமதமான பட்டன்.

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மிச்சமிருந்த இரண்டையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தாள்.

"பட்டன அமுக்கிட்டு இருமறாரு மாமா."

"ஆமாம்மா."

"எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

டேப்பை நிறுத்தினேன். ஜெயித்த மாதிரி இல்லை. நான் தப்பாகக் கேட்டிருக்கவேண்டும் என்றுதான் உள்ளே வேண்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

15-10-1983, சனி

தான் பேசியிருந்த பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பேசினாள். கூரையும் இல்லை, தங்கையும் இல்லை. பேசி முடித்து மைக்கை என் பக்கம் திருப்பினாள். "நீங்களும் பேசுங்க. நீங்க கூப்புட்டாதான் வருவாரு."

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஓடியதோ. "வாப்பா பேசறேன். வந்துடு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

16-10-1983, ஞாயிறு

அப்துல் ஹை கிளம்பிவிட்டான். கேசட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

6-11-1983, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை. பரீதா இளைத்துவிட்டாள். துளசிங்கம் வந்து, "இன்னா பாய், மூஞ்சே செத்துக் கெடக்குது?" என்றான். புயல் சின்னம் பற்றிய ரேடியோ செய்தியைச் சொல்லி மழுப்பினேன்.

வெறும் சளியாக இருந்தால்? வேலையை விட்டுவிட்டு வந்து, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டான். அப்படியே ஆகட்டும். விழிக்காமலே இருக்கட்டும்.

5-12-1983, திங்கள்

தந்தி. என்னால் பிரிக்க முடியவில்லை. தந்திக்காரரே பிரித்துப் படித்தார். உதடு அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பரீதாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் காதருகே வந்து கத்தினாள்: "பம்பாய் வந்துட்டாராம்!"

9-12-1983, வெள்ளி

வந்துவிட்டான். சட்டை மட்டும் வந்ததுபோல் இருந்தான். என்னைப் பார்த்ததும், "உங்க இஷ்டப்படியே ஆச்சா வாப்பா?" என்றான். வாசலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. அவன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

12-12-1983, திங்கள்

பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். காசநோய்தான், வலது நுரையீரலில் மேலே. டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: மூன்று மாதம் ஊசி, ஒன்றரை வருடம் மாத்திரை, ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, குணமாகும். கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார். சுராயா காலத்தில் இந்தச் சொல்லை யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை.

22-1-1984, ஞாயிறு

வலது காது போய்விட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம். இருமுகிறானா என்று இனி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் அவன் முற்றத்தில் வெயிலுக்கு உட்காரும்போது நான் பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்க்கிறேன்.

இன்று திரும்பி ஏதோ கேட்டான். "என்ன பார்க்கிறீர்கள்" என்றிருக்கும். கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு உட்கார்ந்திருந்த பலகையை இழுத்து, முதுகு எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மத்தியான லுஹர் தொழுகை வரை பார்த்தேன். ஒருமுறைகூடக் குலுங்கவில்லை.