மேமுக்குக் கட்டிய கக்கூஸ்

பார்சலைப் பிரிக்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது, மேம். உங்கள் ஆஸ்திரேலியக் கறுப்புப் பசை. ரொட்டியில் தடவித் தின்பீர்களே, அதுதான். போத்தல் வழியில் எங்கோ விரிசல் விட்டு, பசை கசிந்து, நான் சுற்றி வைத்த பழைய சேலைத் துணி லாரிப் பட்டறைத் துணி மாதிரி ஆகியிருந்தது. கூட வைத்த முறுக்கில் பூசணம். பொங்கல் முடிந்து நாலாவது நாள் அது. வீடு முழுக்கக் கழுவி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன். அதன் நடுவில் இந்த நாற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் உங்களுக்கு அனுப்பிய பார்சல். அமெரிக்கா வரைக்கும் கப்பலில் போய், கப்பலிலேயே திரும்பி வந்திருக்கிறது. உங்கள் பெயரின்மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். நான் இங்கே மலாக்காவில், செலண்டார் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எனக்கு அது தெரியாது. மருமகள் சாந்தி வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவள் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“என்னா போட்டிருக்கு?”

“உக்காருங்க அத்தை.”

“நின்னா காது கேக்காதா? சொல்லு.”

“மேம் தவறிட்டாங்களாம், அத்தை.”

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. உங்கள் மகளின் கையெழுத்தாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையை நான் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறேன். பெற்றவள் செத்ததை ஒரு காகிதத்தில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பெற்றவள் பெயரின்மேலேயே கிறுக்கித் தபால்காரனிடம் தள்ளிவிட்டிருக்கிறாள். எந்த மாதம் போனீர்கள், எரித்தார்களா புதைத்தார்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது.

“ச்சீ!” என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நீங்கள் என்னிடம் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது.

உங்கள் ஊர்ப் பட்டாளம் இருந்த மலாக்காக் கடலோரத்து ராணுவ முகாமில் உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த காலம். நான் உங்கள் வீட்டில் துணி துவைத்துச் சமைத்துப் பிள்ளை பார்த்தேன். முதல் வாரமே, சாப்பிட்ட தட்டை நீங்கள் தரையில் வைக்க, நாய் வந்து நக்கியது. அதே தட்டைக் கழுவ என்னிடம் நீட்டினீர்கள். “ச்சீ!” என்றேன். என்னவென்று கேட்டீர்கள். உங்கள் பாஷையில் எனக்குச் சொல்ல வரவில்லை, முகத்தைச் சுளித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் மழை பெய்தால் ச்சீ, கர்னல் பெண்டாட்டி வந்து போனால் ச்சீ. ஆனால் கறுப்புப் பசையைத் தடவிய கத்தியை நக்கி, அதே கத்தியை மறுபடியும் போத்தலுக்குள் விடுவதை மட்டும் நீங்கள் நிறுத்தவில்லை. எச்சில், மேம், எச்சில் என்று நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! “மாரா ஜாங்கான்லா, செல்லா” என்று கோபிக்க வேண்டாமென்று மலாயில் கெஞ்சுவீர்கள். கெஞ்சிக்கொண்டே நக்குவீர்கள்.

நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினீர்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மகள் அமெரிக்காக்காரனைக் கட்டினாள் என்று நீங்களும் பெட்டியைக் கட்டினீர்கள். அங்கிருந்துதான் கடிதங்கள் நிறைய வந்தன. மாதம் ஒன்று. சாந்தி ஆபீஸ் விட்டு வந்து, கால் கழுவி, கூடத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் எங்கேயாவது ஒரு ‘ச்சீ’ இருக்கும், ஆங்கில எழுத்தில்.

தேத்தண்ணியில் ஐஸ் போட்டுக் கொடுக்கிறார்களாம். சுடச்சுடக் கேட்டால் வெந்நீர் ஒரு கோப்பையிலும் தேயிலைப் பை தனியாகவும் வருமாம், ச்சீ. கார் ரோட்டின் தப்பான பக்கம் ஓடுகிறதாம். கடைக்காரப் பெண் உங்களை இன்னொரு தடவை பேசச் சொல்லி, பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தாளாம். இன்னொருத்தி, எப்போது ஆங்கிலம் கற்றுக்கொண்டீர்கள், நன்றாகப் பேசுகிறீர்களே என்றாளாம். இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை, மேம். தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கப் போனபோது என் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் என்னையும் அப்படித்தான் திரும்பத் திரும்பப் பேசச் சொல்லிச் சிரித்தார்கள். என்னத்துக்குடா சிரிக்கிறீங்க, நானும் தமிழ்தான்லா என்றேன். அந்த மலேசிய ‘லா’வுக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

கிழவிகள் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து நீள பஸ்ஸில் ஊர் ஊராகப் போனீர்கள். சிவப்புப் பாறை, பாலைவனம், உப்பு ஏரி. போன இடத்திலெல்லாம் ஊர்ப் பெயர் போட்ட தேக்கரண்டி ஒன்று வாங்குவீர்கள். எனக்கும் ஏழு கரண்டி அனுப்பினீர்கள். கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன், உபயோகிக்கவில்லை. யார் நக்கியதோ! புதன்கிழமை தோறும் கடற்கரைக்குப் போய்ப் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதுவீர்கள். “என் தெருமுனையில் ஒரு தைல மரம் நிற்கிறது, எங்கள் ஆஸ்திரேலிய மரம், என்னைப் போலவே இங்கே வந்து நிற்கிறது, மழை பெய்தால் அதன் கீழே போய் வாசனையை உறிஞ்சிக்கொண்டு நிற்பேன்” என்று ஒரு தடவை எழுதினீர்கள். சாந்தி அதை எனக்கு இரண்டு தடவை படித்துச் சொன்னாள்.

மகள் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள் என்றும் எழுதினீர்கள். நாய் கட்டிலில் படுக்கிறது, உங்களுக்கோ கார் கொட்டகைக்கு மேலே ஒரு அறை. அந்தக் கடிதத்தில் நீங்கள் ச்சீ போடவில்லை. நானே போட்டேன்.

கறுப்புப் பசை அங்கே கிடைக்கவில்லை என்று அழுததால், மலாக்கா டவுனில் பெரிய கடையில் தேடி வாங்கி வருஷத்துக்கு இரண்டு போத்தல் அனுப்பினேன். கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்தக் கிழவி இதை என்ன செய்கிறாள் என்று.

தொண்ணூற்று மூன்றில் நீங்களே வந்தீர்கள். புலாவ் செபாங் ஸ்டேஷனில் ரயில் நின்றதும், முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி குதித்தாள். என்னைப் பார்த்து ஸ்டேஷனே திரும்பும்படி “ச்சீ!” என்று கத்திக் கையை விரித்தாள். என் மகன் வெட்கத்தில் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

பத்து நாள் புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். என் மகன் சொந்தமாக வாங்கிய வீடு. எஸ்டேட் லயத்து ஒற்றை அறையில் பிறந்தவள் மூன்று அறை வீட்டில் உங்களை வைத்துச் சோறு போட்டேன். அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். இரண்டாம் நாள் காலையில் கக்கூசுக்குப் போனால், ஆணியில் ஒரு காகித உருளை தொங்குகிறது. தண்ணீர் வாளி நிரம்பிக் கிடக்கிறது, செம்பு மிதக்கிறது, யாரும் தொடவில்லை. விளக்குமாற்றுக் குச்சியால் அந்த உருளையைக் குத்தித் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். திரும்பினால் பின்வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

குச்சி முனையில் உருளை காற்றில் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

“ச்சீ?” என்று கேட்டீர்கள்.

“ச்சீ!” என்றேன்.

மறுநாள் நீங்கள் கக்கூசிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்து வெளியே வந்தீர்கள். பாவாடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்று, ஐந்தாவது பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி, “லூலுஸ்?” என்று கேட்டீர்கள். பாஸா என்று. சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். நான் சிரிக்காமல், “நாளைக்குப் பாக்கலாம்” என்றேன். பத்தாவது நாள் ஒரு சொட்டு நனையாமல் வந்தீர்கள்.

இதை நான் மறந்துபோனேன், மேம். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

போன வருஷம் பங்குனியில் அந்தக் கடிதம் வந்தது. மகள் வீட்டை விற்கப் போகிறாள், உங்களைக் கிழவர்கள் விடுதியில் சேர்க்கப் போகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம், நம் ஊர்க் கோபிஸ்தான், கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார்கள், ச்சீ. ஆஸ்திரேலியாவில் இனி யாரும் இல்லை. “உன் வீட்டுப் பின்னறை இன்னும் இருக்கிறதா, செல்லா? நான் வந்து இருக்கலாமா? என்னைத் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்த ஊர் அது ஒன்றுதான்.”

சாந்தி படித்து முடித்ததும் சொன்னாள்: “அத்தை, இப்பவே ‘வாங்க’ன்னு ஒரு வரி போடுவோம். மத்ததெல்லாம் வந்த பிறகு பேசிக்கலாம்லா. போன் வேணும்னாலும் போடறேன்.”

“போன்ல நான் என்னா பேசறது? மலாய்ல பாதி, கைசாடையில பாதி. போன்ல கைசாடை தெரியுமா? இரு, யோசிக்கணும்.”

“என்னா யோசிக்கறீங்க?”

என்ன யோசித்தேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பத்து நாள் விருந்தாளி வேறு, சாகும்வரைக்கும் கூட இருக்கிறவள் வேறு. கத்தி எச்சில், மாட்டுக்கறி, அந்தக் காகிதம். என் சாமி படம் மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் காகிதமா? ஊரெல்லாம் என் வீட்டுச் சுத்தத்தைப் பேசும். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கென்று பின்பக்கம் தனியாக ஒரு கக்கூஸ் கட்டிவிட்டு அப்புறம் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

கொத்தனார் வந்து அளந்தார். “வீட்டுக்குள்ளயே ஒண்ணு நல்லா இருக்கேம்மா. வெளிய எதுக்கு?”

“வெள்ளைக்காரம்மா வராங்க.”

“யாரு, ராணியா? அப்ப பூப் போட்ட டைல்ஸ் போட்டுருவோமா?”

“வாயை மூடிக்கிட்டுக் கட்டுய்யா. உக்கார்ற மாதிரி பீங்கான் வையி.”

பூப் போட்ட டைல்ஸ்தான் போட்டேன். சித்திரை போனது, வைகாசி போனது. மழை வந்தால் வேலை நின்றது. சாந்தி வாரம் ஒரு தடவை, “ஒரு வரி, அத்தை” என்பாள். “கட்டி முடியட்டும்டி” என்பேன். ஆனியில் முடிந்தது. சுவரில் ஆணி அடித்து, நானே கடைக்குப் போய் ஒரு காகித உருளை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன்.

அதற்குப் பிறகும் நான் கடிதத்தைத் தபாலில் தனியாகப் போடவில்லை. வெறுங்கையோடு யாரையும் வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். வெற்றிலை பாக்கு அனுப்ப முடியாது. அதனால் கறுப்புப் பசை, முறுக்கு, கொஞ்சம் குங்குமம் எல்லாம் வைத்து, அதோடு கடிதத்தையும் வைத்துக் கப்பலில் அனுப்பச் சொன்னேன். “கப்பல் ரெண்டு மாசம் ஆகும் அத்தை!” என்று சாந்தி கத்தினாள். “ஆகட்டும். ஆடியில யாரும் குடி வர மாட்டாங்க. போய்ச் சேர ஆவணி ஆயிடும், சரியா இருக்கும்” என்றேன். உங்கள் மாதக் கடிதம் நின்றுபோனதற்கும், என் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது.

நாற்றத்தோடு திரும்பிய பார்சலில் அந்தக் கடிதமும் இருந்தது. ஒரு பக்கம் பசை ஊறி, ஒட்டியது ஒட்டியபடியே. நான் சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. நக்கி ஒட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிய சாந்தியே பிரித்துப் படித்தாள். கத்தியை நக்கக் கூடாது. என் சட்டியில் மாட்டுக்கறி கூடாது. வீட்டுக்குள் உள்ள கக்கூஸ் உங்களுக்கு இல்லை, பின்னால் தனியாக இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றி வெளியே விட வேண்டும். இதெல்லாம் முடிந்து கடைசி வரியில்தான் ‘வாங்க’ இருந்தது. கேட்கக் கேட்க உடம்பு கூசியது. எஸ்டேட்டில் கங்காணி எழுதி ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. நல்லவேளை, நீங்கள் படிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே புரிந்தது, அந்தக் கடைசி வரியையும் நீங்கள் படிக்கவில்லை. செல்லா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கோபிஸ் நாற்றத்தில் படுத்திருந்திருப்பீர்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த நனைந்த பாவாடை ஞாபகம் வந்தது. பத்தே நாளில் நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அந்தக் கக்கூஸ் தேவையே இல்லை, மேம். மூன்று மாதம் நான் கட்டியது என் வீம்பை. உங்கள் மகளுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை என்று எவ்வளவு ஏசினேன்! எனக்கு வந்ததா? எதைப் பார்த்தாலும் அருவருக்கிற என் மனசைப் பார்த்தே இப்போது எனக்குக் குமட்டுகிறது.

பார்சலைக் குப்பையில் போட்டாகிவிட்டது. கையில் அந்தப் பசை நாற்றம் மூன்று நாள் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்த நானே, நாலாம் நாள், அதற்குள் போய்விட்டதே என்று திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தேன்.

மாசி பிறந்ததும் என் முழங்கால் மடங்காமல் போனது. டாக்டர் குந்தி உட்காரக் கூடாது என்றுவிட்டார். இப்போது அந்தப் பின்கக்கூசுக்கு நான்தான் போகிறேன், பூப் போட்ட டைல்ஸ் நடுவில் ராணி மாதிரி உட்காருகிறேன். வாளியும் செம்பும் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். உங்களை மாதிரியே முதல் வாரம் முழங்கால் வரைக்கும் நனைந்துகொண்டு வெளியே வந்தேன். லூலுஸா என்று கேட்க ஆள் இல்லை.

ஆணியில் அந்தக் காகித உருளை அப்படியே தொங்குகிறது. ஈரக் காற்றில் உப்பிப் பழுப்பேறிவிட்டது. சாந்தி இரண்டு தடவை எடுக்கப் போனாள்.

“தூக்கிப் போட்டுரவா, அத்தை? யாரும் தொடறதில்லயே.”

“இருக்கட்டும்டி. அது மேமோடது.”

ச்சீ, மேம். இருக்கட்டும்.