பிந்தி வருபவளுக்கே வெற்றி

என் ஆசை மச்சாள் நாகேசுக்கு,

நீ போன பிறகு வந்த என் முதல் பிறந்தநாள் நேற்று முடிந்தது. எழுபதாகிவிட்டது எனக்கு. யாரிடம் சொல்வதென்று வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் உனக்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு நீ யாரென்று தெரியாதே. என் தாய்மாமன் மகள், என் வயதுக்காரி, என்னைப் போலவே மருத்துவமாதாக வாவிக்கரை ஊர்களில் சைக்கிள் மிதித்தவள். போன மாரியில் நெஞ்சு நோவென்று பெரியாஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. இவ்வளவு சொன்னால் போதும், இல்லையா?

நம் போட்டியைப் பற்றியும் சொல்லப் போகிறேன், கோபிக்காதே. வேலையில் இருந்த காலமெல்லாம் ஓட்டமாய் ஓடினோம். பிள்ளை பிறக்க முன் போய்ச் சேர வேண்டுமே. வெயிலென்றும் இல்லை, வெள்ளமென்றும் இல்லை. ஓய்வு கிடைத்த வருடம் என் பிறந்தநாளன்று காலையிலேயே சைக்கிளோடு என் படலையில் வந்து நின்றாய். "இனி என்னத்துக்குகா அவசரம்? ஆரு பிந்துற எண்டு பாப்பம் வா" என்றாய்.

கோயிலடியில் தொடங்கி, ஆற்றைக் கடக்க ஆட்களை ஏற்றுகிற மிதவைப் பாதை வந்து நிற்கிற துறை வரைக்கும். முந்திப் போய்ச் சேர்ந்தவள் தோற்றவள். நடுவில் காலை நிலத்தில் ஊன்றினாலும் தோற்றவள். தோற்றவள்தான் மத்தியானத்துக்கு இறால் சொதியும் புட்டும் ஆக்க வேண்டும். என் பிறந்தநாளுக்கு ஒன்று, உன்னுடையதற்கு ஒன்று. காலையில் காற்று எழும்ப முன் ஓடி முடித்துவிடுவோம்.

நீ செய்யாத அளாப்பியா, கள்ள ஆட்டமா? பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டுவாய். சாய்ந்து விழப் பார்த்தால் யாருடைய வேலியையாவது பிடித்துக்கொண்டு நிற்பாய். கேட்டால், "வேலியப் புடிச்சா காசு குடுக்கணுமா? கால் முட்டலதானே" என்பாய். எனக்குச் சிரிப்பு வந்து கால் தானாக நிலத்தில் முட்டிவிடும். அப்படித்தான் அநேகமாய் நானே சமைத்தேன்.

அப்படிப் பிந்திப் பிந்தி வென்றவள், இதில் மட்டும் ஏன் முந்திக்கொண்டாய்? நம் சட்டப்படி பார்த்தால் தோற்றவள் நீதான். வந்து சொதி வை, பார்ப்போம். உன்மேல் எனக்குக் கோபம், மச்சாள். வேறு யார்மேல் கோபிக்க எனக்கு உரிமை இருக்கிறது?

சுமதி கொழும்பிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாள். "அம்மா, அந்த சைக்கிள ஆருக்கும் குடுத்திட்டு எங்களோட வந்திருங்க. விழுந்தா அங்க ஆரு தூக்குற?" பாசத்தில்தான் சொல்கிறாள். மருமகனும் நல்ல பிள்ளை. மாடியில் எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் இருந்து நான் என்ன செய்வேன்? பிறந்தநாளுக்குள் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருந்தேன். பிறகு எனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். தனியே ஓடிப் பார்ப்பது, கால் ஊன்றாமல் துறைக்குப் போனால் ஊரோடு இருப்பது, ஊன்றினால் கொழும்புக்குப் போவது.

நேற்று விடிய எழும்பி, சைக்கிளுக்குக் காற்றடித்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏறினேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். முழங்கால் முணுமுணுத்தது, கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் வழமைபோல வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்போதுதான் விளங்கியது, நீ இல்லாமல் எது மெதுவென்றே எனக்குத் தெரியாது. யாரைவிட மெதுவாகப் போவது? ஆனாலும் மிதித்தேன். கண்டல் மரங்கள் தாண்டி வளைவு வரைக்கும் ஒரு பிழையும் இல்லை. நீ பார்த்திருந்தால் உனக்கே பொறாமை வந்திருக்கும்.

துறையடியில் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிற பூமணியை உனக்குத் தெரியும். நம்மைக் கண்டால், "இண்டைக்கு ஆரு மிஸ்ஸி சமையல்?" என்று கடைக்குள் நின்றே கத்துகிறவள். நேற்று அவள் கத்தவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மிஸ்ஸி! என்ன செய்யுது? தல சுத்துதா? இறங்குங்க, இறங்குங்க!"

சொல்லிக்கொண்டே கரியரைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நான் கால் ஊன்றிவிட்டேன், நாகேஸ். துறை கண்முன்னே தெரிந்தது.

பாதைக்குக் காத்து நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவர் நான் இருக்க வாங்கு கொண்டு வந்து போட்டார். ஒருவர் பத்திரிகையை மடித்து விசிறினார். இன்னொருவர் பிரஷர் குளிசை போட்டேனா என்று கேட்டார். அவர்கள்மேல் என்ன பிழை? இரண்டு கிழவிகள் மெதுவாகப் போனால் அது விளையாட்டு. ஒருத்தி மட்டும் மெதுவாகப் போனால் அது நோய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் மனே, கொஞ்சம் தலச்சுத்துதான்" என்றேன். தனியே விளையாடிக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நீ பக்கத்தில் நின்றபோது ஒரு நாளும் வராத வெட்கம். பூமணி சீனி கூடப் போட்டுச் சாயத்தண்ணி தந்தாள். பிறகு ஒரு கையில் சைக்கிளையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனாள்.

தோற்றவள் சமைக்க வேண்டுமே. சொதி வைத்தேன். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். உப்பு, புளியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் வாயிலேயே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், வீணாக்கினால் நீ ஏசுவாய்.

பின்னேரம் சுமதி எடுத்தாள். பந்தயப்படி 'வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தேன். அந்த நேரம் உன் குரல் வந்தது போல இருந்தது. "செல்லாது, செல்லாது! ஆக்கள் புடிச்சா மறுகா ஓடணும்." நீ இருந்திருந்தால் அந்தச் சட்டத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கியிருப்பாய் அல்லவா?

"கார்த்திகை மட்டும் பொறு மனே" என்றேன்.

"கார்த்திகைல என்னம்மா இரிக்கு?"

"ஒரு வேல இரிக்கு."

"அதுக்குள்ள விழுந்தா?"

தூக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். பூமணி ஓடி வந்ததையும், ஊரே சூழ்ந்து நின்றதையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. நான் சொன்னதும் பொய்யில்லை, விழுந்தால் தூக்க இங்கே ஆட்கள் தாராளம். கூடப் போட்டி போடத்தான் ஒருவரும் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல நீ இருந்தாய்.

கார்த்திகையில் உன் பிறந்தநாள் வரும். மழை அடித்துக் கொட்டும், தெரு வழுக்கும், நீ என்னென்ன சொல்லித் தடுப்பாய் என்றும் தெரியும். ஆனாலும் சைக்கிளை எடுப்பேன், இது உனக்குத் தருகிற வாக்கு. பூமணி மறுபடியும் பதறி ஓடி வந்தால், இந்த முறை தலைச்சுற்றென்று சொல்ல மாட்டேன். துறையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்வேன்: "கைய எடு மனே, நான் மச்சாளோட போட்டி ஓடுறன்."

உன் மாமி மகள்,
உனக்கு இருந்த ஒரே மச்சாள்,
ரஞ்சிதம்
மண்டூர்