வீடியோவில் வெட்டிவிட்ட இடம்

ஜூலை 7, 2025, திங்கள்
புது மிஷின்கள் வந்து இறங்கிவிட்டன. எங்கள் லைனில் இருபது பேர் செய்கிற வேலையை இரண்டு மிஷின் செய்யுமாம். பரீட்சையில் பாஸாகும் ஒருவரை மட்டும் டெக்னீஷனாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அடுத்த மாதக் கடைசியோடு சரி. எனக்கு நாற்பத்து மூன்று வயது. மூன்றாம் பாரத்தோடு பள்ளியை நிறுத்தியவளை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

ஜூலை 10
தமிழிலேயே பாடம் இருக்கிறது! மோட்டார், சென்சார், ரிலே – கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வீடியோ போடுகிறார். வீட்டிலேயே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்கிறேன். பஸ் குளுவாங் ஊரைத் தாண்டினால் செம்பனைக் காட்டில் ஃபோனுக்கு லைன் கிடைக்காது. ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்து சீட் ஹபீபாவும் எட்டிப் பார்க்கிறாள். அவளும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஆளுக்கொரு இயர்ஃபோன்.

ஜூலை 21
சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று இன்று புரிந்தது. பன்னிரண்டு வருஷமா அந்தச் சிவப்பு விளக்கைச் சும்மா தொடச்சிக்கிட்டு இருந்திருக்கேன். ஆப்பரேட்டர்களான எங்களை மிஷின் மூடியை ஒருநாள்கூடத் திறக்க விட்டதில்லை.

ஆகஸ்ட் 2
நாற்பத்தொரு வீடியோவும் முடிந்தது. கடைசி வீடியோவைப் பார்த்துக்கிட்டே இருந்ததில் அடுப்பில் சோறு குழைஞ்சு போச்சு.

ஆகஸ்ட் 13, புதன்
போச்சு.
பரீட்சைக்கு வைத்த மிஷினில் கோளாறை ஒரே பார்வையில் கண்டுபிடிச்சேன். பெல்ட்டுக்கு அடியில் சென்சார் நகர்ந்திருந்தது. கையை உள்ளே விட்டேன். சூப்பர்வைசர் மூர்த்தி கத்திட்டார். "மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிப் பூட்டுப் போடாம கைய விடுறீங்களேக்கா! கையே போயிருக்கும்லா. இதோட முடிஞ்சிச்சு."
வீடியோவில் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஆஃப் பண்ணவே இல்லையே! "மூடியத் திறந்தாச்சு, இப்பப் பாருங்க" – எல்லாப் பாடமும் அப்படித்தான் தொடங்கும். சலிப்பான இடம்னு வெட்டிட்டாரா? எனக்காவது புத்தி வேணாமா?
வெளியே ஹபீபா. அடுத்தது அவள்தான். பேசாமப் போயிருக்கலாம். "மொதல்ல சுவிட்ச்சப் பூட்டுடி" – வாய் தானா சொல்லிடுச்சு.

ஆகஸ்ட் 15
ஹபீபாவுக்குக் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்கு அவ மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. என் மேலயும்தான். ஏன்டி சொன்ன?

ஆகஸ்ட் 19
வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: ஐயா, கரண்ட் ஆஃப் பண்றதையும் காட்டுங்க.
பதில் வந்தது: "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சிஸ்டர்."
எனக்குத் தெரியலையே.

அக்டோபர் 8, புதன்
ஹாரூன் பாய் சாப்பாட்டுக்கடையில் சேர்ந்து ஒரு மாதம். காலையில் மாவு அரைக்கும் மிஷின் சிக்கி நின்றது. பாய் கையை உள்ளே விடப் போனார்.
"பாய்! கைய எடுங்க!"
கடையே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, யாரும் சொருகிவிடாதபடி என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் கல்லைத் தூக்கினேன். அடியில் ஒரு கரண்டி.
பாய் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஃபேக்டரில டெக்னீஷனா இருந்தீங்களாக்கா?"
"இல்ல பாய். ஆப்பரேட்டர்" என்றேன்.
மிச்ச மாவையும் அரைத்து முடித்தேன்.