மறுபடியும் கழித்தல் பாடம்

என்னங்க,

உங்கள் இருமல் விட்டதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆயாவாக வேலை பார்க்கும் அதே வகுப்பில் போன வாரம் முதன்முதலாக நானே பாடம் எடுத்தேன். ஆசிரியர் பயிற்சிக்கான தேர்வு அது. மதிப்பெண் போடும் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழித்தல் கணக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு குட்டிப்பெண் வாந்தி எடுத்துவிட்டாள். நான் சாக்பீஸைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னிக்கு நீங்க டீச்சர். மத்த பிள்ளைங்கள யார் பாத்துக்கிட்டா? ஆயாவக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார் அந்த அம்மா.

அன்று என் இடத்தில் இருந்த ஆயா வாசலில்தான் நின்றிருந்தாள். தினமும் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவளை எப்படி வேலை ஏவுவது? அதை அவளிடமே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாந்தி தொடைக்கிறது கேவலம்னு நெனச்சியா? அது என் வேலடி. நீ உன் வேலயப் பாரு. என்னக் கூப்பிடு."

அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் செய்துவந்த வேலையை நானே மட்டமாக நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. மறுதேர்வு லீவின் நடுவில் வருகிறது. இந்த முறை ஊருக்கு வர முடியாது. பாப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவளைத் திரும்பி நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பின்னல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி