இரண்டாம் தளத்தை மிதிக்காதவன்

அன்புள்ள நண்பா,

நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தில் நடுவராக நான் அளித்த தீர்ப்பு சரியானதே. ஓடுபவர் மைதானத்து மூலையிலுள்ள இரண்டாம் தளத்தை மிதித்த பின்னரே மூன்றாம் தளத்துக்கு ஓட வேண்டும்.

மைதானத்தில் இருப்பவர் ஒரே நடுவர். அவர் பந்தைப் பார்க்கும் கணத்தில் இரண்டாம் தளத்தை மிதிக்காமல் குறுக்கே ஓடிவிடுவது உன் வித்தை. பால்டிமோர் நகரமே அதற்காக உன்னைக் கொண்டாடியது. நேற்று நான் பந்தைப் பார்க்கவில்லை. வீங்கியிருந்த உன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குறுக்கே ஓடியதையும் பார்த்துவிட்டதால், "அவுட்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நீ தொப்பியைக் கழற்றி வணங்கினாய். "என்னங்க நடுவரய்யா, பந்து அங்க போகுது, கண்ணு இங்க இருக்கு? நான் என்ன அவ்ளோ அழகா?" என்றாய். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. உங்கள் மேலாளர் ஹானிகன் சிரிக்கவில்லை.

"சுத்தி ஓட முடியாத கிழட்டுக் குதிரை எனக்கு எதுக்குடா? மூட்டையக் கட்டு!" என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

நாற்பதை நெருங்கும் உன்னை இனி எந்த அணியும் எடுக்காது.

நடுவர் ஆட்டக்காரரோடு பழகக் கூடாதென்ற விதி இனி உனக்குப் பொருந்தாது. ஆகவே இன்று மாலை, பல ஆண்டுகளுக்குப் பின், உன் விடுதி அறைக் கதவைத் தட்டினேன். என் பெயரையும் சொன்னேன். உன் காலடியோசை கதவுவரை வந்து, சற்று நின்று, திரும்பிப் போயிற்று.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்