காகிதக் குவளையில் தேநீர்

புக்கிட் பெலிம்பிங்,
சனிக்கிழமை மாலை

அன்பு மகன் பவனேஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர இங்கே எனக்கு வேறு குறை இல்லை. அங்கே மெல்பர்னில் நீயும் சேதுவும் உடம்புக்கும் மனத்துக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். உங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிய பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறாக ஒன்றும் தெரியவில்லை.

தீபாவளிக்கு இரண்டு பேரும் வரலாமா என்று நீ தொலைபேசியில் கேட்டாய். சேதுவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, பல வருடங்களாக மருந்து சாப்பிடுகிறான், உனக்கு வராமல் இருக்க நீயும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதையும் அன்றைக்கே சொன்னாய். கடைசியாக ராவாங்கில் தன் வீட்டுக்குப் போனபோது அவன் சாப்பிட்ட தட்டை அவன் அம்மா வெளிக்குழாயில் தனியாகக் கழுவி வைத்ததாகவும், அதற்குப் பிறகு அவன் அங்கே போகவில்லை என்றும் சொன்னாய். "உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்லிடுங்கப்பா, நாங்க ஹோட்டல்ல தங்கிக்கிறோம்" என்றாய். யோசித்து எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை, எனக்கும் கூப்பிடத் துணிவு வரவில்லை. நீ ஆண்துணையோடு வாழ்கிறாய் என்பதை உன் அம்மா இருந்த காலத்திலேயே சொல்லிவிட்டாய், நானும் அதை மறுத்துப் பேசியதில்லை, ஆனால் பேசியதும் இல்லை. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நாளிலிருந்து எதையும் விசாரிக்காமல் முடிவு சொல்ல எனக்கு வராது. இதை யாரிடம் போய் விசாரிப்பது என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் டவுன் பக்கம் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் மருந்து வாங்குகிற கவுண்டரில் கேட்டபோது பின்பக்கத்தில் ஓர் அறையைக் காட்டினார்கள். விஷாலினி என்று ஒரு டாக்டர், சின்னப் பெண்தான், எழுந்து நின்று "உக்காருங்க அங்கிள்" என்றாள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். துணை ஒருவர்தானா, ஆணா பெண்ணா, அவருக்கு ஏற்கெனவே இருக்கிறதா, ஆணுறை பயன்படுத்துவது உண்டா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் உன்னைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எண்ணி, ஒருவர்தான், ஆண், அவருக்கு இருக்கிறது, மற்றது எனக்குத் தெரியவில்லை என்று தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னேன். "தெரியலையா" என்று சிரித்துவிட்டு, "பரவால்ல அங்கிள், இந்த வயசுல தொணை கிடைக்கிறதே பெரிய விஷயம் லா, வெக்கப்படாதீங்க" என்றாள். அவள் என் விரலைப் பிடித்து ஊசியால் குத்தி இரத்தம் எடுத்த பிறகுதான், இவ்வளவு நேரமும் என்னைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெண்ணிடம், உன் நேரத்தை வீணாக்கிவிட்டேன் அம்மா என்று எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். முடிவு வரும்வரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஒன்றும் இருக்காது என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். நீ இந்தச் சோதனைக்கு அடிக்கடி போகிறாயே, அப்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன், மகனுக்காக வந்தேன் என்று. கேலி செய்வாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பொறுமையாக விளக்கினாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், சேர்ந்து வாழ்கிறவருக்கு உடலுறவின் வழியாக அது போகாதாம். நீ சாப்பிடுவது அதற்கு மேல் இன்னொரு காவலாம். மற்ற பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான் வேண்டும் என்றாள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக எழுதுகிறேன். ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே குவளையில் குடித்தால் என்று நான் ஆரம்பித்ததுமே, "ஒண்ணும் ஆகாது அங்கிள், கட்டிப் புடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அறையை விட்டு வரும்போது நம் கோயில் கமிட்டித் திருச்செல்வம் எதிரே உட்கார்ந்திருந்தார், சீனி வியாதிக்கு மருந்து வாங்க வந்தவர். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருந்த எச்.ஐ.வி. விளம்பரப் படத்தையும் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கோயிலில் பொங்கல் பரிமாறப் போனேன். "கிராணியாரே, நீங்க உக்காருங்க லா, வயசாச்சு, பையனுங்க பாத்துக்குவானுங்க" என்று திருச்செல்வம் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நல்ல எண்ணத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது வேலி மேல் குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள், அதுவும் நின்றுவிட்டது. போன ஞாயிறு உன் அத்தை புஷ்பவள்ளி வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் டம்ளரில் தேநீர் வந்தது, எனக்கு மட்டும் காகிதக் குவளையில். சூட்டில் அது வளைந்து விரலைச் சுட்டது, நான் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குடித்து முடித்ததும் அவளே வந்து அந்தக் குவளையை ஓரத்தில் இரண்டு விரலால் தூக்கிப் போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன தங்கை அவள். வாசல்வரை வந்து, "என்னா அண்ணே இது, ஊரே பேசுது, யாருக்காகப் போனீங்கன்னாவது சொல்லிடுங்க" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பேர் தேறியிருக்கும், உன் பேர் தெருவுக்கு வந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டியவன் நீ, சொல்லாமல் இருப்பதும் உன் விருப்பம். எனக்காகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதே, வேறு என்ன சொல்வது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இந்தத் தீபாவளிக்கு அத்தை வீட்டார் எல்லோரும் பத்தாங் பெர்ஜுந்தாயில் மருமகள் வீட்டுக்குப் போகிறார்களாம்.

நீ இதற்காக வருத்தப்படாதே. பகலில் வேலை இருக்கிறது, மழைக்குக் கால்வாயில் அடைகிற இலையை வாருகிறேன், கார் பேட்டரி செத்துவிடாமல் இருக்கத் தெருக்கோடிவரை ஓட்டிவிட்டு வருகிறேன். இருட்டிய பிறகுதான் வீடு பெரிதாகிவிடுகிறது. செய்தி முடிந்த பிறகும் டிவியை அணைப்பதில்லை, யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் ஒருவனுக்குச் சோறு மிஞ்சத்தான் செய்கிறது. இப்படி இருக்கும்போதெல்லாம் எனக்கு சேதுவின் தட்டு ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி நீ சொன்ன அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆகையால் என் பதில், இரண்டு பேரும் வாருங்கள். ஹோட்டல் வேண்டாம். நடு அறையில் மின்விசிறியை மாற்றிவிட்டேன், கட்டில் கொஞ்சம் முனகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா மேல் தட்டில் எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். சேதுவுக்குக் காரம் ஆகுமா, கோழி சாப்பிடுவானா என்று கேட்டு எழுது. சண்டை வந்தால் இருவரும் பேசாமல் படுக்கப் போகாதீர்கள், நானும் அம்மாவும் அப்படி நிறைய இரவுகளை வீணாக்கினோம். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதே, பெட்டி தொலைந்தால் கஷ்டம், கையோடு கொண்டு வா. இங்கே வந்ததும் நேர மாற்றத்தில் மறந்துவிடாதீர்கள், ஃபிரிஜ் மேல் என் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன், மூன்று பேரும் காலைப் பசியாறிய கையோடு சாப்பிட்டுவிடலாம். மறைத்து வைக்க வேண்டியதில்லை, இப்போதைக்கு இந்த வீட்டுக்கு வந்து பார்க்க யாரும் இல்லை.

தீபாவளிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைப்பது எப்போதும் உன் அம்மாதான். அவள் போன பிறகு நான் யாருக்கும் வைத்ததில்லை, எனக்கும் யாரும் வைத்ததில்லை. உனக்கு நான் வைக்கிறேன். சேதுவிடம் முன்கூட்டியே சொல்லி வை, அவன் தலையிலும் நான்தான் வைப்பேன். அவன் கூச்சப்பட்டு விலகினால் எனக்கு இன்னொரு தடவை கையை நீட்டத் தைரியம் வராது, ஆகையால் குனிந்து நிற்கச் சொல்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். எந்த விமானம் என்று சொன்னால் போதும், நான் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
முருகையா