ஏழு பேர் போகும் வண்டி

பெங்களூர் தொம்மலூரில் இன்று காருக்கு சீட் கவர் மாற்றக் கொடுத்திருந்தேன். கடைக்குள் புது ரெக்சினும் பசையும் கலந்த வாடை. உடனே உன் முகம்தான் வந்து நின்றது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நான் சாவுக்கு வரவில்லை. காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள் நாம். நான் டிசைனிலேயே தங்கிவிட்டேன். நீ மார்க்கெட்டிங்குக்குத் தாவினாய். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி ஒரு குட்டி ஜீப் செய்யப் புறப்பட்டது. பார்க்க உயரமாக, மிடுக்காக இருக்க வேண்டும். ஆனால் சின்னக் கார் வாங்குகிறவனுக்கும் கட்டுப்படியாக வேண்டும். அந்த விலைக்குள் அடக்கப் பின்கதவுப் பூட்டில் கை வைத்தார்கள். நல்ல பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டாலும் முதல் பிடி விடாது. நமக்கு வந்தது ஒற்றைப் பிடி. சாமான் வைக்கிற இடம்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். ‘பின்னால் ஆள் உட்காரக் கூடாது’ என்று குறிப்பும் எழுதி வைத்தேன்.

நீ அங்கே எதிரெதிராக இரண்டு மடக்குச் சீட்டைப் போட வைத்தாய். “அஞ்சு பேர் போற வண்டிய எவன் வாங்குவான் குரு? ஏழு பேருன்னு போட்டாத்தான் ஓடும்.” நான் பூட்டைப் பற்றி வாயைத் திறந்தால், “சும்னே இரு மச்சி, நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி” என்று பாதிக் கன்னடத்தில் என் வாயை அடைப்பாய். பேசிப் பேசியே எதையும் விற்றுவிடும் வாய் உனக்கு. அதை அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டும். “மாடலுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல, நம்ம வீட்டுப் பசங்களே போதும்” என்றாய். நம் கம்பெனியில் காலண்டர் படத்துக்குக்கூட ஸ்டாஃப் குடும்பம்தானே நிற்கும். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாமா மாமா என்று உன் பின்னாலேயே சுற்றினாள். நீ அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாய். நிற்கிற வண்டிதானே என்று நானே அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

அடுத்த வாரம் எம்.டி. முன்னால் கூட்டம். நான் என் குறிப்பை வாசித்து முடித்ததும் நீ அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாய். “சார், இவரு பெத்த பொண்ணையே அங்க உக்கார வெச்சிருக்காரு. இதுக்கு மேல என்ன சார் டெஸ்ட்?” எல்லோரும் சிரித்தார்கள். அசட்டுத்தனமாக நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏழு பேர் என்று போட்ட தாளில் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்ததும், “தப்பா எடுத்துக்காத மச்சி” என்று என் தோளைத் தட்டினாய். வீட்டுக்குப் போய் அந்தத் தோளைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன்.

வண்டி நன்றாகவே விற்றது. உனக்குப் பதவி உயர்வு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஃபிளாட். ஒரு வருஷம் கழித்துக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்கதவு திறந்துகொண்டது; அவருடைய பையன் ரோட்டில் விழுந்தான். இடது கால் முறிந்து சரியாகக் கூடவில்லை, நொண்டித்தான் நடக்கிறான். கூடவே அந்தப் படம் போட்ட நம் விளம்பரப் புத்தகத்தையும் இணைத்திருந்தார். நீ மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் மேசையில் போட்டாய். “டெக்னிகல் மேட்டர், நீயே பதில் எழுதிடு. கதவ சரியா சாத்தலன்னு போடு, முடிஞ்சுது.” அப்படியே எழுதினேன். சத்தமில்லாமல் பூட்டை மாற்றினார்கள். நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். அதற்கப்புறம் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனை வருஷம் உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசி வரியை நீ படித்திருக்க மாட்டாய். எனக்கு அது மனப்பாடம். ‘படத்தில் இருக்கும் பாப்பாவின் அப்பாவும் என்னைப் போல உங்களை நம்பித்தான் உட்கார வைத்திருப்பார். அவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.’

கதவைச் சரியாகச் சாத்தாதது அவர் தவறு என்று அவருக்குப் பதில் எழுதியது அந்த அப்பாதான்.